எட்டுக்கு நாற்பத்தொன்று

சிரிக்க வைக்கப்போகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார ஓர் இடம் பார்த்து வையுங்கள், ஆனால் உடனே இல்லை, பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, இப்போது மணி பத்து நாற்பது, நான் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறேன், கையில் கைபேசி, அதில் யாருக்கும் தெரியாத புது சிம், தொண்டைக்குள் உக்கடம் நாச்சிமுத்து. கோயம்புத்தூரில் பழைய வண்டிச் சாமான் விற்கிற நாச்சிமுத்துவை நான் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறேன், அது போதும், ஓர் ஆளைப் பிடிக்க எனக்கு இரண்டு நிமிடம் போதும், வெற்றிலையை இடது கடவாய்க்குத் தள்ளிவிட்டு, மூக்கை ஒருமுறை உறிஞ்சி, 'ஆகட்டுங்' என்பார், நல்லதுக்கும் ஆகட்டுங், கெட்டதுக்கும் ஆகட்டுங், என் அண்ணன் செத்துப்போன சேதி கேட்டுக் கூப்பிட்டபோதுகூட கடைசியில் ஆகட்டுங் என்றுதான் வைத்தார். சிரிப்பு இது இல்லை. இது வரும் வழியில் கிடக்கிற கல். நான் யாரை வேண்டுமானாலும் பேசுவேன், வால்பாறை பஸ்ஸில் 'உள்ள போ, உள்ள போ, உள்ள என்ன புலியா இருக்கு' என்கிற கண்டக்டர், எங்கள் தலைமையாசிரியர் மைக்கை இரண்டு தட்டு தட்டிவிட்டு விடும் பெருமூச்சு, ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வாசிக்கும் போதகர், பிள்ளைக்காப்பகத்தில் நாற்பது எஸ்டேட் குழந்தைகளை ஒரே அதட்டலில் தூங்கவைக்கும் அம்மா. ஒரே ஒரு குரலை மட்டும் நான் செய்வதில்லை. வீட்டில் எல்லோரும் அதைத் துக்கம் என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும். பத்து நாற்பத்திரண்டு.

கீழே முற்றத்தில் அப்பா தவளையின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறார், தவளை என்பது எங்கள் பிக்கப், ஐம்பத்தேழாம் வருட மாடல், பச்சை நிறம், இரண்டு முட்டைக்கண் விளக்கு, எஸ்டேட் ஏலத்தில் வந்தது, எங்கள் வீட்டுச் சோறு முழுக்க அதன் முதுகில்தான் ஏறி வந்தது, கேஸ் சிலிண்டர், விறகு, வீடு மாற்றுகிறவர்களின் பீரோ. ஏழு மாதமாக அது தெருவுக்கு வரவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பா இதையே செய்கிறார், இடது பக்கம் ஜாக்கி கொடுத்துத் தூக்குகிறார், சக்கரத்தில் ஒரு சாக்கட்டிக் கோடு, அடியில் ஓடுகிற நீளமான ஷாஃப்டில் ஒரு கோடு, பிறகு சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுகிறார், ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுகிறார். பின் ஆக்சிலுக்குள் என்ன பல் இருக்கிறது என்று பெட்டியைப் பிரிக்காமல் தெரிந்துகொள்ள அதுதான் வழி, ஆனால் உள்ளே என்ன பல் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், பெரிய சக்கரத்தில் நாற்பத்தொன்று, அதைச் சுற்றுகிற சின்னதில் எட்டு, ஷாஃப்ட் ஐந்து சுற்றுக்கும் கொஞ்சம் மேலே சுற்றினால்தான் டயர் ஒரு சுற்று. இழுவை ஜாஸ்தி, வேகம் கம்மி. தெரிந்ததையே ஏன் எண்ணுகிறார். போன சனிக்கிழமை ஐந்தாக இருந்தது இந்தச் சனிக்கிழமை நாலாகிவிடுமா. ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் டயரை இரண்டு சுற்று சுற்ற வேண்டும், அப்போதுதான் கணக்கு சரி, அண்ணன் இருந்த காலத்தில் முதல்முறை எண்ணியபோது அப்பா அது தெரியாமல் ஒரே சுற்றோடு நிறுத்தி, இரண்டரைதான் வருகிறது, எவனோ பல்லைத் திருடிவிட்டான் என்று கத்த, செல்வின் அண்ணன் மண்ணில் உருண்டு சிரித்தான், அப்பா, பல்லு உங்க வாயிலதான் குறையுது, வண்டியில இல்ல, ரெண்டு சுத்து சுத்துங்க. அதை அவன் எப்படிச் சொன்னான் என்று என் தொண்டைக்குத் தெரியும். தொண்டையே, நீ சும்மா இரு. நாச்சிமுத்து, வாரும்.

விஷயம் இதுதான். நாச்சிமுத்துவின் கடையில் தவளைக்குப் பொருந்துகிற இரண்டு ஜோடி பல்சக்கரம் இருக்கிறது, எண்ணெய்த் தாளில் சுற்றி வைத்திருக்கிறார், ஒன்று இப்போது உள்ளே இருக்கிற அதே எட்டுக்கு நாற்பத்தொன்று, தேயாதது. இன்னொன்று பதினொன்றுக்கு நாற்பத்தொன்று, அதைப் போட்டால் சமவெளியில் தவளை குதித்து ஓடும், ஆனால் பாரம் ஏற்றிக்கொண்டு ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வர முடியாது, பாதி வழியில் கிளட்ச் கருகி, பீரோவோடு பின்னால் உருளும். பதினொன்று செல்வின் கேட்டது. இறப்பதற்கு மூன்று மாதம் முன்பு அவனேதான் நாச்சிமுத்துவிடம் சொல்லி எடுத்து வைக்கச் சொன்னான், அந்த எண்ணெய்த் தாளில் இன்னும் அவன் பேர் எழுதியிருக்கிறதாம். தாராபுரத்திலிருந்து ஒருவர் இரண்டையும் கேட்கிறார் என்று நாச்சிமுத்து நேற்றுக் கூப்பிட்டிருந்தார், நாளைக்குப் பதினோரு மணிக்குக் கூப்புடறனுங், எது வேணும்னு ஒரே சொல்லாச் சொல்லிப்போடுங், மிச்சத்தை அவருக்குக் குடுத்துப்போடறேன். அதனால்தான் இன்றைக்கு. நான் ஐந்து நிமிடம் முந்திக்கொண்டு நாச்சிமுத்துவாகக் கூப்பிடுவேன், பையன் போனுங், என் போனுல சார்ஜு இல்லீங், பிறகு சொல்வேன், ஏனுங், எதுக்குங்க இத்தன ரோசன, இடது டயருக்கு எட்டு, வலது டயருக்குப் பதினொண்ணு போட்டுப்போடுங், மலைக்கும் ஆச்சு, சமவெளிக்கும் ஆச்சு. அதுதான் சிரிப்பு. வண்டி தெரிந்தவருக்கு அது எத்தனை பெரிய சிரிப்பு என்று தெரியும், இரண்டு டயருக்கும் நடுவில் ஒரே ஜோடிதான், ஆளுக்கொன்று போட்டால் இடது கால் நடக்க வலது கால் ஓடுகிற மாதிரி வண்டி நடுரோட்டில் வட்டம் போடும். அப்பா யோவ் என்பார். யோவ் என்று அவர் கத்தி ஏழு மாதம் ஆகிறது. எனக்கு அந்த யோவ் வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது, இல்லை, அவ்வளவுதானா, பத்து நாற்பத்தெட்டு, தேயிலை வாடுகிற வாசனை ஃபேக்டரி பக்கமிருந்து வருகிறது, பச்சையாக, கொஞ்சம் இனிப்பாக, அன்றைக்கும் இதே வாசனை, அன்றைக்கும் மணி பதினொன்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. வேண்டாம். சக்கரத்தைப் பார். கோடு மேலே வருகிறது, கோடு கீழே போகிறது.

அப்பாவுக்கும் அண்ணனுக்கும் கடைசி ஒரு வருடம் சண்டை இதுதான், சோற்றுத் தட்டுக்கு முன்னால், சபைக்குப் போகிற வழியில், அப்பா, பொள்ளாச்சி ரோட்டுல நாப்பத்தஞ்சுக்கு மேல போனா இது அழுகுதுப்பா, பின்னாடி இருக்கற சைக்கிள்காரன் ஹாரன் அடிக்கிறான், சைக்கிள்ல எங்கடா ஹாரன், அதுக்காகவே வாங்கி மாட்டிருக்கான்ப்பா, போடா, நாம இருக்கறது மலையில, மலைக்கு எது வேணுமோ அதுதான், நீ எங்கயும் போகப்போறதில்ல. நீ எங்கயும் போகப்போறதில்ல. அப்பா அதைச் சும்மாதான் சொன்னார். அண்ணனுக்குக் காய்ச்சல் வந்த ஐந்தாம் நாள், அம்மா நாகர்கோவிலில், சித்தியின் பிரசவத்துக்குப் போயிருந்தாள், அண்ணன் எழுந்து கழிவறைக்குப் போனவன் சுவரைப் பிடித்தபடி அப்படியே கீழே சரிந்தான், ஆம்புலன்ஸ் அப்போதுதான் இன்னொரு எஸ்டேட்டுக்குப் போயிருந்தது, அப்பா காத்திருக்கவில்லை, தவளையின் முதுகில் மெத்தையைப் போட்டு, தார்ப்பாயைக் கட்டி, அண்ணனைப் படுக்கவைத்து, என்னைப் பக்கத்தில் உட்கார்த்தினார், பேச்சுக் குடுத்துக்கிட்டே வா கிதி, தூங்க விடாத. கிதி என்றால் நான், கிதியோன், பேச்சுக் கொடுப்பதற்கென்றே பிறந்தவன். நாற்பதாம் வளைவிலிருந்து நான் கண்டக்டராகப் பேசினேன், உள்ள போ உள்ள போ, அண்ணன் சிரித்தான், முப்பதில் போதகர், லேசாக உதட்டை அசைத்தான், இருபத்திரண்டில் தலைமையாசிரியர், கண்ணைத் திறந்து என்னை யாரோ என்று பார்த்தான். பதினேழாம் வளைவில் என் விரலைப் பிடித்திருந்த அவன் விரல்கள் விட்டுவிட்டன. விரல் விடுவது என்பது ஒரு சத்தம் இல்லாத காரியம். நான் நெஞ்சில் காதை வைத்தேன், கேட்டதெல்லாம் அடியில் பல்சக்கரம் முனகுவதுதான், எட்டும் நாற்பத்தொன்றும், எட்டும் நாற்பத்தொன்றும். முன்னாலிருந்து அப்பா, செல்வின், எப்படிடா இருக்கு. தார்ப்பாய் மறைத்திருந்தது, அவருக்குத் தெரியாது. பதில் வராததால் திரும்பினார், ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பினார், இடது டயர் கைப்பிடிச் சுவரை உரசியது, சுவருக்கு அந்தப் பக்கம் பனிமூட்டம், பனிக்குக் கீழே ஒன்றும் இல்லை, செல்வின், டேய், என்று இன்னொரு முறை திரும்பப்போனார், அப்போது நான் சொன்னேன். நல்லாத்தான் இருக்கேன்ப்பா, ரோட்டப் பாத்து ஓட்டுங்க.

நான் சொன்னேன் என்றா சொன்னேன். அவன் சொன்னான். அத்தனை சரியாக வந்தது, அந்தக் கடைசி 'ங்க'வில் அவன் வைக்கிற சின்னச் சோம்பல்கூட வந்தது. வாழ்க்கையிலேயே நான் செய்ததில் சிறந்தது அதுதான், கைதட்ட ஆள் இல்லை, கேட்க வேண்டியவன் என் மடியில் கேட்காமல் கிடந்தான். ஒருமுறை ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று யாராவது சொல்லித் தந்தார்களா. பத்தாம் வளைவில் நிறுத்தலாமா, அங்கேயும் சுவர் தாழ்வு. கீழே போனதும் நிறுத்தலாம் என்று நினைத்தேன், கீழே சோதனைச்சாவடியில் அப்பா, தண்ணி வேணுமாடா என்றார், வேணாம்ப்பா என்றான். சமவெளியில் தவளை நாற்பத்தைந்தில் அழ ஆரம்பித்தது, அப்பா ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டே ஓட்டினார், போ, போடி, போ, அம்பராம்பாளையம் பாலத்தில், டேய் குளிருதாடா என்றார், லேசா, பரவால்லப்பா என்றான். பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் அப்பா தள்ளுவண்டி தேடி ஓடியபோது டாக்டர் ஏறிப் பார்த்துவிட்டு நர்ஸிடம் தாழ்ந்த குரலில் சொன்னார், ஒரு மணி நேரத்துக்கு மேலயே ஆயிருக்கும். கேட்டது நான் ஒருவன். அப்பாவிடம் வழியிலேயே போய்விட்டான் என்று மட்டும் சொன்னார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாரோ, நோயாளியோடு வந்த யாரோ, கொஞ்சம் முன்னால வந்திருந்தா பாத்திருக்கலாம் என்று உச்சுக்கொட்டினார். அந்த ஆளின் குரலையும் என்னால் செய்ய முடியும். அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரே எண்ணம்தான், பாலம் வரை பேசிக்கொண்டு வந்தான், பாலத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் போனான், வண்டி மெதுவாகப் போனதால் போனான், எட்டுக்கு நாற்பத்தொன்றால் போனான், மலைக்கு எது வேண்டுமோ அதுதான் என்று சொன்ன தன் வாயால் போனான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் மலையில்தான் போனான்ப்பா, பதினேழில், எந்தப் பல்லைப் போட்டிருந்தாலும் போயிருப்பான். ஆனால் சொன்னால் பாலத்தில் பேசியது யார் என்று கேட்பார். மகன் கடைசியாகப் பேசியது என்று அவர் வைத்திருக்கிற மூன்று வார்த்தையையும் நான் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்குவது. எதை விடுவது. பத்து ஐம்பத்தைந்து. வெற்றிலை இடது கடவாய்க்கு.

கீழே அப்பாவின் கைபேசி மணி அடிக்கிறது, அப்பா கையெல்லாம் கிரீஸ், முழங்கையால் கைபேசியை மட்கார்டின் மேல் தள்ளி, ஸ்பீக்கரில் போடுகிறார். "ஏனுங், டிரைவருங்களா, நாந்தானுங் உக்கடத்துலருந்து, இது பையன் போனுங்." என் குரல் அரை நொடி கழித்துக் கீழே முற்றத்தில் நாச்சிமுத்துவாக எழுகிறது, எனக்கே ஒரு நொடி அவர் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருக்கிறது. "சொல்லுங்கண்ணே," என்கிறார் அப்பா, சக்கரத்தை விடாமல். "எதுன்னு முடிவு பண்ணீங்களா?" "பண்ணிட்டேன்." "இருங், நான் ஒரு ரோசன சொல்றனுங், இடது டயருக்கு எட்டு, வலது டயருக்குப் பதினொண்ணு, ரெண்டையும் போட்டுப்போடுங், தாராபுரத்துக்காரன் கெடக்கறான்." இதோ. இதோ சிரிப்பு. அப்பாவின் தோள் ஒருமுறை குலுங்குகிறது, மூக்கிலிருந்து ஒரு சத்தம், நான் தொட்டியை இறுகப் பிடித்துக்கொள்கிறேன், யோவ் வரப்போகிறது, தோள் இரண்டாம் முறை குலுங்குகிறது, மூன்றாம் முறை, நிற்கவில்லை, அது யோவ் இல்லை, அது சிரிப்பே இல்லை, அப்பா நெற்றியை டயரில் வைத்துக்கொண்டு குலுங்குகிறார், சாக்கட்டிக் கோடு அவர் நெற்றியில் ஒட்டிக்கொள்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள், உங்களுக்குச் சொன்ன சிரிப்பு இதுதான், கையில் வேறு இல்லை. "டிரைவருங்களே," என்கிறேன், "வெளையாட்டுக்குச் சொன்னனுங்." "தெரியும்ணே," என்கிறார் அப்பா, மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு, "செல்வின் இருந்தா உங்களுக்கு ஒரு பதில் குடுத்திருப்பான். பதினொண்ணையே குடுத்துருங்க. அவன் கேட்டது."

"பதினொண்ணு லோடு ஏறாதுங்களே," என்கிறேன், இது நாச்சிமுத்து நிஜமாகச் சொல்லக்கூடியதுதான், இதுவரைக்கும் நான் தப்பு செய்யவில்லை. "ஏறாட்டி ஏறாம போகட்டும். இனி லோடு அடிக்கல." "அப்பறம் பொழப்புங்?" "ஒரு கணக்குச் சொல்றேன் கேளுங்கண்ணே. ஆழியாறுலருந்து பொள்ளாச்சி இருபத்திநாலு கிலோமீட்டர். எட்டுல நாப்பத்தஞ்சு போகும். பதினொண்ணுல அறுபத்திரண்டு. ஒன்பது நிமிஷம்ணே. ஏழு மாசமா ஒவ்வொரு சனிக்கிழமையும் எண்ணிப் பாக்குறேன், ஒன்பதேதான் வருது, எட்டரை வரமாட்டேங்குது. பாலத்துல நல்லாப் பேசுனான், குளிருதான்னேன், பரவால்லப்பான்னான். ஒன்பது நிமிஷம் முன்னால போயிருந்தா அவன் பேசிக்கிட்டே உள்ள போயிருப்பான்." அவர் இதை வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை, அம்மாவிடம் இல்லை, என்னிடம் இல்லை, உக்கடத்தில் பழைய இரும்பு விற்கிற ஒருத்தரிடம் சொல்கிறார், அந்த ஒருத்தர் பத்தடி மேலே தொட்டிக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ஆகட்டுங் என்று சொல்ல வேண்டும், ஆகட்டுங் என்று சொல்லி வைத்துவிட்டால் முடிந்தது, பதினொன்று வரும், தவளை மலை ஏறாது, அப்பா சனிக்கிழமை சனிக்கிழமை ஒன்பதை எண்ணிக்கொண்டிருப்பார், யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள், சொல்லு, ஆகட்டுங்.

"இன்னொண்ணும் சொன்னாண்ணே," என்கிறார் அப்பா, சக்கரத்தை நிறுத்திவிட்டு, மட்கார்டின் மேலிருக்கிற கைபேசியைப் பார்த்து, மனிதரைப் பார்ப்பதுபோல, "பாலம் தாண்டி. தானாவே சொன்னான், நான் கேக்கல. இந்த வண்டி அழுத அழுகையில காதுல சரியா விழல. கடைசி வார்த்தை. அது என்னன்னு தெரிஞ்சாப் போதும்ணே எனக்கு. ராத்திரி படுத்தா அதுதான். தண்ணி கேட்டானா. அம்மாவக் கேட்டானா."

எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் அதை எழுதிக் கொடுத்தவனும் நான்தான், பேசியவனும் நான்தான், பாலம் தாண்டியதும் தூரத்தில் ஊர் தெரிந்தது, ஊர் வந்தால் தார்ப்பாயை விலக்குவார்கள், விலக்கினால் பார்ப்பார்கள், அதற்கு முன்னால் அண்ணனைக் கொண்டு ஒரே ஒரு சிபாரிசு வாங்கிவிட வேண்டும் என்று தோன்றியது, பதினாறு வயதில் அவ்வளவுதான் தோன்றும். அவர் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் அம்மா என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். வெற்றிலையை ஒதுக்கி, மூக்கை உறிஞ்சி, நாச்சிமுத்துவாகவே நான் ஆரம்பிக்கிறேன், "அது ஒண்ணுமில்லீங் டிரைவருங்களே, பையன் என்ன சொல்லியிருப்பான்னா," அதற்குமேல் நாச்சிமுத்து வரவில்லை, வெற்றிலை இல்லை, உக்கடம் இல்லை, ஏழு மாதமாக நான் பூட்டி வைத்திருந்தது பூட்டை உடைக்காமலே எழுந்து வந்துவிட்டது, சோம்பலாக, நிதானமாக, மட்கார்டின் மேலிருந்து அரை நொடி கழித்து முற்றம் முழுக்கக் கேட்கிறது:

"கிதியத் திட்டாதீங்கப்பா."

அப்பாவின் கை சக்கரத்திலிருந்து விலகுகிறது. சக்கரம் தானாகக் கால் சுற்று சுற்றி நிற்கிறது. ஃபேக்டரியின் சத்தம், எங்கோ ஒரு மயில், பிறகு கைபேசிக்குள் டொக் டொக் என்று இன்னொரு அழைப்பு தட்டுகிறது, மணி பதினொன்று, அப்பா குனிந்து திரையைப் பார்க்கிறார், நிஜ நாச்சிமுத்துவின் பெயர் அங்கே மின்னி மின்னி அணைகிறது. அவர் அதை எடுக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. நெற்றியில் சாக்கட்டிக் கோடோடு தலையை மெதுவாகத் தூக்கி, வீட்டைப் பார்த்து, மாடியைப் பார்த்து, தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிறார், தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற என் முழங்காலைப் பார்க்கிறார், அவர் உதடு அசைவது எனக்கு இங்கே தெரிகிறது, சத்தம் அரை நொடி கழித்து என் காதோரம் வருகிறது.

"எத்தனாவது வளைவுல, கிதி?"